கடலில் போட்ட கிரீடமும் கம்போங் கிளாம் அரண்மனையும்

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் முதல் தடவை சிங்கப்பூர் வந்தால் மரினா பே, சந்தோசா, தேக்கா, முஸ்தஃபா காட்டினால் போதும். இரண்டாவது தடவை வருகிறவர்கள்தான், "இந்த ஊருக்கு ராஜா, அரண்மனை எதுவும் கிடையாதா?" என்று கேட்பார்கள். உண்டு. புகிஸ் எம்ஆர்டி நிலையத்திலிருந்து கொஞ்சம் நடந்தால், சுல்தான் கேட் தெரு முடிகிற இடத்தில் இஸ்தானா கம்போங் கிளாம் நிற்கிறது. ஆர்ச்சர்ட் சாலையில் அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானா வேறு. அது ஆங்கிலேய ஆளுநருக்காகக் கட்டியது. இது இங்கேயே இருந்த மலாய் அரச குடும்பத்தின் வீடு.

நான் உரிமம் வாங்கிய வழிகாட்டி இல்லை. பிடித்துப்போய்ச் செய்கிற வேலை இது. உறவுக்காரர்கள், எங்கள் பேட்டைத் தமிழ்க் குடும்பங்கள், அவர்கள் வீட்டுப் பள்ளிப் பிள்ளைகள் என்று பல வருடமாக அங்கே கூட்டிக்கொண்டு போய்க் கதை சொல்லி வருகிறேன். அரண்மனை என்றாலே கதைகள் வந்து ஒட்டிக்கொள்ளும். பேய், புதையல், சாபம், கடலுக்கடியில் ராணி என்று எல்லாம் வரும். அவற்றை அப்படியே சொல்லிவிட்டாலும் தப்பு, "எல்லாம் கட்டுக்கதை" என்று தள்ளிவிட்டாலும் தப்பு என்பதுதான் இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியாகிப்போன விஷயம். ஒரு கதை நடந்ததா இல்லையா என்பதோடு, அது யாருக்குத் தேவைப்பட்டது என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். அப்போதுதான் அரண்மனை புரியும்.

நான் அரண்மனையிலிருந்து ஆரம்பிப்பதில்லை, ஃபோர்ட் கேனிங் குன்றில்தான் ஆரம்பிப்பேன். காலை எட்டு மணிக்கு அங்கே இருந்தால் வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விடலாம். மலாய்க்காரர்கள் அந்தக் குன்றுக்கு வைத்த பெயர் புக்கிட் லாராங்கான், விலக்கப்பட்ட குன்று. பழைய ராஜாக்களின் அரண்மனை அதன் மேலே இருந்தது, அனுமதியில்லாமல் யாரும் ஏறக்கூடாது, பக்கத்துச் சுனையில் அரண்மனைப் பெண்கள் குளிப்பார்கள் என்பது வழிவழியாக வந்த பேச்சு.

அந்த ராஜாக்களில் முதல்வர் சாங் நீல உத்தமா. செஜாரா மெலாயு என்ற மலாய் அரச வரலாறு அவர் வந்த கதையைச் சொல்கிறது. பிந்தான் தீவிலிருந்து இந்தப் பக்கம் வரும்போது நடுக்கடலில் புயல். படகில் தண்ணீர் ஏறுகிறது. சாமான் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டும் பயனில்லை. கடைசியில் மிஞ்சியது கிரீடம் மட்டும்தான். அதையும் கடலில் போடுகிறார், கடல் அடங்குகிறது. கரையில் சிவந்த உடலும் கறுத்த தலையும் வெள்ளை நெஞ்சும் உள்ள ஒரு மிருகம் பாய்ந்து மறைகிறது. அதைச் சிங்கம் என்றார்கள், ஊர் சிங்கபுரம் ஆனது. வழக்கமாகச் சொல்லும் ஆண்டு 1299. இதைக் குன்றின் மேல் நின்று சொல்லும்போது, கிரீடம் போன இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி, "இதை மறந்துவிடாதீர்கள், மத்தியானம் வேண்டியிருக்கும்" என்பேன்.

அடுத்த கதையைச் சொன்னவர் முன்ஷி அப்துல்லா. 1796இல் மலாக்காவில் பிறந்தவர், சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸுக்கு எழுத்தராக இருந்தவர். அவருடைய ஏமன் நாட்டுக் கொள்ளுத்தாத்தா நம் நாகூரில் தங்கிக் கல்யாணம் செய்தவர். அப்துல்லாவே தமிழ் படித்தவர். கூட வருகிறவர்கள் நிமிர்ந்து கேட்பது இந்த இடத்தில்தான். 1819இல் ஆங்கிலேய அதிகாரி ஃபார்குவார் குன்றில் ஏற நினைத்தபோது, தெமெங்கோங் என்ற பட்டமுள்ள மலாய்த் தலைவரின் ஆட்கள் வர மறுத்ததை அவர் எழுதி வைத்திருக்கிறார். மேலே பேய்கள் இருக்கின்றன, நூற்றுக்கணக்கான பேர் கூச்சலிடுவது போலச் சத்தம் வருகிறது, சில நேரம் முரசுச் சத்தமும் கேட்கிறது என்றார்களாம். ஃபார்குவார் மலாக்கா ஆட்களை வைத்துப் பீரங்கியை மேலே இழுத்துப்போய் வெடித்தார்.

பிள்ளைகள் பேயைப் பிடித்துக்கொள்வார்கள். அதைத் தடுக்க வேண்டாம், கூடவே இதையும் சொல்லலாம். மூன்றே வருடம் கழித்து, 1822இல், பின்னாளில் இந்த ஊரை நிர்வகித்த ஆங்கிலேய அதிகாரி ஜான் கிராஃபர்ட் அதே குன்றில் சுற்றிப் பார்த்து எழுதிய குறிப்பு இருக்கிறது. செங்கல் அடித்தளங்கள், மரத்தூண் நடுவதற்குக் குழி வெட்டிய கற்கள், பழைய பழமரங்கள், சீனக் காசுகள் இவற்றையெல்லாம் பார்த்திருக்கிறார். 1928இல் நீர்த்தேக்கம் கட்டத் தோண்டியபோது 14ஆம் நூற்றாண்டுத் தங்க நகைகள் கிடைத்தன. 1984இல் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் அகழாய்வு தொடங்கினார். ஆக, பயந்தவர்கள் சொன்னதில் ஒரு விஷயம் சரிதான். மேலே உண்மையிலேயே ராஜாக்கள் இருந்திருக்கிறார்கள். அந்த இடத்தின் நினைவை அந்தப் பயம் நானூறு வருடத்துக்கு மேல் காப்பாற்றி வைத்திருந்தது. பேய்க்கதை கேட்கிற பிள்ளையிடம், "ஏன் அந்தக் குன்றை மட்டும் சொன்னார்கள், பக்கத்துக் குன்றைச் சொல்லவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அருமையாகப் பதில் சொல்கிறார்கள்.

குன்றின் சரிவில் இஸ்கந்தர் ஷா கெராமாட் இருக்கிறது. சிங்கபுரத்தின் கடைசி ராஜாவின் சமாதி என்று நம்பப்படும் இடம். அவர் இங்கிருந்து ஓடிப்போய் மலாக்காவை உண்டாக்கினார் என்றும் அதே மலாய் வரலாறு சொல்கிறது. அப்படியானால் சமாதி இங்கே எப்படி வந்தது என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த இடத்தில் நின்றுகொண்டு வாதாட வேண்டாம் என்பது என் கட்டாயமான வேண்டுகோள். அங்கே கண்ணை மூடி நிற்கிறவர்கள் இருப்பார்கள். 1822லேயே முஸ்லிம்களும் இந்துக்களும் சீனர்களும் அங்கே வந்து கும்பிட்டுப் போனதாகக் கிராஃபர்ட் எழுதியிருக்கிறார். நம் ஆட்களும் அந்த வரிசையில் இருந்திருக்கிறார்கள். குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள், சமாதிக்குப் பின்னால் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். கேள்வியைக் கீழே இறங்கியபின் பேசிக்கொள்ளலாம்.

சரி, தமிழர்கள் கூட்டமாகப் போனால் தவறாமல் வருகிற பேச்சு ஒன்று உண்டு: "இது நம்ம ராஜேந்திர சோழன் பிடித்த ஊர்தானே?" ஒரு பெரியப்பா அதைச் சொல்லி, எதிரில் வந்த மலாய்ப் பெரியவரிடமும் ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்துவிட்டார். அவர் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டுப் போனார். அந்தப் பெருமிதம் எனக்குப் புரிகிறது, எனக்கும் அது உண்டு. அதனாலேயே இந்த இடத்தில் நிதானமாகப் பேச வேண்டும் என்கிறேன்.

கல்வெட்டு சொல்வது இது: 1025 வாக்கில் ராஜேந்திரனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது. தஞ்சைக் கோயில் மெய்க்கீர்த்தியில் கடாரம், இலங்காசோகம், மாதமாலிங்கம் என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. சிங்கப்பூரின் பழைய பெயரான தெமாசெக் அதில் இல்லை. மலாய்க் கதை சொல்வது வேறு. அதில் வருகிறவர் ராஜா சூலன், கலிங்கத்து ராஜா. சீனாவைப் பிடிக்கப் பெரும்படையோடு கிளம்பி தெமாசெக் வரை வந்துவிடுகிறார். சீனப் பேரரசர் பயந்து ஒரு தந்திரம் செய்கிறார். ஒரு கப்பலில் துருப்பிடித்த ஊசிகளை நிரப்பி, காய்த்துத் தொங்கும் மரங்களை நட்டு, பல்லுப்போன கிழவர்களை ஏற்றி அனுப்புகிறார். "சீனா எவ்வளவு தூரம்?" என்று சூலன் ஆட்கள் கேட்கிறார்கள். "நாங்கள் புறப்பட்டபோது சின்னப் பையன்கள். இந்த மரங்கள் அப்போது விதைகள். இந்த ஊசிகள் கை கனத்துக்கு இரும்புக் கம்பிகளாக இருந்தன, வழியில் தேய்ந்து இப்படி ஆகிவிட்டன" என்கிறார்கள் கிழவர்கள். ராஜா படையைத் திருப்பிவிடுகிறார். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து கடலடிக்குப் போகிறார், அங்கே ஒரு ராஜகுமாரியைக் கட்டுகிறார், மூன்று மகன்கள் பிறக்கிறார்கள். அந்த வம்சத்தில்தான் சாங் நீல உத்தமா வருகிறார்.

ஊசிக் கப்பல் கதையைச் சொன்னால் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், நானும் ஒவ்வொரு தடவையும் ரசிக்கிறேன். ஆனால் சூலன் என்பது சோழன்தான், ஆகவே சிங்கப்பூர் நமது என்று முடித்துவிட்டால் கதையின் சாரமே போய்விடும். சோழப் படையெடுப்பின் ஏதோ ஒரு நினைவு அதில் தங்கியிருக்கிறது என்று நினைக்கும் அறிஞர்கள் இருக்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. அதைவிட முக்கியம், அந்தக் கதையை எழுதியவர்கள் மலாய் அரசவையினர். தங்கள் அரசர் ஒரு பக்கம் மாவீரன் இஸ்கந்தரின் (அலெக்சாண்டரின்) வம்சம், இன்னொரு பக்கம் சூலனின் வம்சம், தாய்வழியில் கடலின் பிள்ளை என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். 1612ஐ ஒட்டி அது எழுத்து வடிவம் பெற்றபோது மலாக்கா போர்ச்சுகீசியரிடம் போய் நூறு வருடம் ஆகியிருந்தது. நாடு கை நழுவிய குடும்பத்துக்கு வம்சத்தின் பெருமைதான் மிச்சம். அந்தக் கதை அவர்களுக்கு ஏன் வேண்டியிருந்தது என்று விளக்கினால், பெருமை பேச வந்த பெரியப்பாவும் அமைதியாகக் கேட்கிறார்.

ஃபோர்ட் கேனிங் நிலையத்தில் டௌன்டவுன் ரயிலில் ஏறினால் மாறாமல் புகிஸ் போய்விடலாம். வயதானவர்களை வெயிலில் நடக்க வைக்காதீர்கள்.

கம்போங் கிளாமில் இறங்கியதும் பலர் முதலில் கேமராவை நீட்டுவது சுல்தான் கேட்டில் இருக்கும் மஞ்சள் மாளிகைக்கு, கெடோங் கூனிங். மஞ்சள் மலாய் அரச குடும்பத்தின் நிறம், அதனால் அதையே அரண்மனை என்று நினைத்துவிடுகிறார்கள். அதை ஹாஜி யூசோஃப் என்ற இடுப்புவார் வியாபாரி வாங்கினார். அவருடைய குடும்பம் 1999 வரை அங்கே வாழ்ந்தது. அரண்மனை அதைத் தாண்டி, தெருவின் கோடியில் இருக்கிறது. வாசலில் நிற்கும்போது காலையில் சொன்ன கிரீடத்தை எடுப்பேன்.

1812இல், சிங்கப்பூரும் அடங்கிய ஜோகூர்-ரியாவ் அரசின் சுல்தான் மஹ்முத் இறந்தபோது மூத்த மகன் ஹுசேன் பஹாங்கில் இருந்தார். இளையவர் அப்துல் ரஹ்மானைச் சுல்தானாக்கிவிட்டார்கள். அரச சின்னங்கள் இல்லாமல் யாரும் முறைப்படி சுல்தானாக முடியாது. அவற்றை வைத்திருந்தவர் மஹ்முதின் மனைவி எங்கு புத்ரி ஹமீதா, பெஞெங்காட் தீவில். அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. அந்தச் சின்னங்கள் இல்லாமல்தான் 1819 பிப்ரவரி 6ஆம் தேதி ராஃபிள்ஸ் ஹுசேனைச் சுல்தான் என்று அறிவித்து ஒப்பந்தம் போட்டார். வருடத்துக்கு 5,000 ஸ்பானிய வெள்ளி. 1822இல் டச்சுக்காரர்கள் ஹமீதாவிடமிருந்து சின்னங்களைப் பிடுங்கி, அடுத்த வருடம் தம்பிக்குக் கொடுத்தார்கள்.

இப்போது புயல் கதையை நினைத்துப் பாருங்கள். கிரீடத்தைக் கடலில் விட்டவர்தான் இந்த ஊரின் முதல் ராஜா. கிரீடம் இல்லாமலும் ராஜாவாக இருக்கலாம் என்று அந்தக் கதை சொல்கிறது. அரண்மனை வாசலில் இதைச் சொல்லும்போது ஹுசேன் ஆங்கிலேயர் கைப்பொம்மை என்ற ஒற்றை வரி போதாமல் போய்விடுகிறது. இந்தக் கோணத்தை நான் எங்கும் படித்ததில்லை, என் சொந்த எண்ணம்தான். அதனால் "எனக்குத் தோன்றுவது" என்று சொல்லித்தான் சொல்வேன். நீங்களும் உங்கள் ஊகத்தைச் சொல்லும்போது அப்படியே சொல்லுங்கள்.

மற்றது எல்லாம் கணக்கு. 1823இல் ராஃபிள்ஸ் சுல்தானுக்கு இங்கே 56 ஏக்கர் ஒதுக்கினார். 1824 ஒப்பந்தத்தில் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ஹுசேனுக்கு 33,200 ஸ்பானிய வெள்ளியும் மாதம் 1,300உம். அவர் 1835இல் மலாக்காவில் இறந்தார், தெங்கேரா பள்ளிவாசலில் அடக்கம். இப்போது நிற்கும் மாடிக் கட்டடம் மகன் அலி காலத்தது, 1840ஐ ஒட்டியது. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் கோல்மன் என்று வழக்கமாகச் சொல்வார்கள், அதற்கு ஆவணம் இல்லை. 1855இல் அலி, கேசாங் என்ற பகுதியைத் தவிர ஜோகூர் முழுவதையும் தெமெங்கோங் இப்ராஹிமுக்கு விட்டுக்கொடுத்தார். 1897இல் நீதிமன்றம் வாரிசுரிமை யாருக்கும் இல்லை, நிலம் அரசாங்கத்தினுடையது என்றது. 1904 சட்டம் குடும்பத்துக்கு உதவித்தொகை தந்தது. பிறகு குடும்பம் கிளைத்துக் கிளைத்து, வளாகத்துக்குள் மரவீடுகள் நிறைந்து, கட்டடம் நலிந்தது. 1999இல் அரசாங்கம் ஆண்டுக்கு 350,000 வெள்ளி வாரிசுகளுக்கு என்று அறிவித்து, அரண்மனையை மலாய் மரபுடைமை நிலையமாக்கியது. 2005இல் அது திறந்தது. 2015இல் தேசிய நினைவுச்சின்னம்.

இந்தக் கடைசிப் பகுதியைத்தான் கவனமாகப் பேச வேண்டும். 1999 நேற்று மாதிரி. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் இன்று நம் அடுக்குமாடி வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர்கள். மின்தூக்கியில் பார்க்கிறோம், காப்பிக் கடையில் பார்க்கிறோம். "பாழடைந்த அரண்மனை, ராத்திரியில் பெண் அழும் சத்தம்" என்று சொன்னால் கேட்பவர்களுக்குச் சுவாரஸ்யமாக இருக்கும். அவர்களுக்கு அது அம்மா சமைத்த வீடு. ஆவிக் கதைகளை அந்த வளாகத்தில் நான் சொல்வதே இல்லை, பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும்.

அரபுத் தெருப் பக்கம் துணிக்கடை வைத்திருந்த ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர் எனக்குப் பழக்கம். சின்ன வயதில் அந்த வளாகத்துக்குள் புகுந்து விளையாடியவர். "அரண்மனையில் பேய் உண்டா பாய்?" என்று கூட வந்த ஒருவர் கேட்டதும் அவர் முகம் மூடிக்கொண்டது. ஒரு சொல் வரவில்லை. நான் பேச்சை மாற்றி, "நோன்புப் பெருநாளுக்கு உள்ளேயிருந்து பலகாரம் வருமா பாய்?" என்று கேட்டேன். அரைமணி நேரம் பேசினார். எந்த மரத்தடியில் காற்று நன்றாக வரும், யார் வீட்டு ஜன்னலில் பந்து பட்டால் திட்டு விழும், தெங்கு என்ற அரச குடும்பப் பட்டம் உள்ள பையனும் இவரும் ஒரே சைக்கிளில் டபுள்ஸ் போனது, அந்தப் பையனின் பாட்டி மட்டும் "வாசல் வழியாகத்தான் வர வேண்டும், சுவர் ஏறக்கூடாது" என்று கண்டித்தது. பெரியவர்களிடம் கதை கேட்கிறவர்கள் சாப்பாட்டையும் விளையாட்டையும் கேளுங்கள். ராஜ கதை தானாக அதற்குள் வரும்.

அரண்மனை தானே சொல்லிக்கொள்ளாத கதையும் உண்டு. முன்ஷி அப்துல்லா எழுதியதுதான். கிராஃபர்ட் காலத்தில் 27 பெண்கள் சுல்தான் ஹுசேனின் வளாகத்திலிருந்து தப்பி ஓடி, அதிகாரிகளிடம் போய்த் தங்கள் உடலில் இருந்த காயங்களைக் காட்டினார்கள். சுல்தான் வந்து முறையிட்டும் கிராஃபர்ட் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. கடலடி ராஜகுமாரியைப் பற்றிச் சொன்னால் இந்தப் பெண்களையும் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன். சின்னப் பிள்ளைகள் இருந்தால் "வேலைக்காரப் பெண்கள் கொடுமை தாங்காமல் ஓடிவந்தார்கள்" என்ற அளவில் நிறுத்துவேன், உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிமை முறை என்றே சொல்வேன். கேட்ட பெண் பிள்ளை ஒருத்தி அவர்கள் பெயர் என்ன என்று கேட்டாள். பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. 27 என்ற எண்ணிக்கை மட்டும்தான் வந்திருக்கிறது.

பக்கத்தில் சுல்தான் பள்ளிவாசல். அதன் தங்க நிறக் குமிழுக்கு அடியில் ஒரு கறுப்பு வளையம் ஓடும், அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். கிட்டத்தில் பார்த்தால் அத்தனையும் கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகம். 1920களில் பள்ளிவாசலைப் புதிதாகக் கட்டியபோது, பணம் கொடுக்க முடியாத ஏழைகளும் பங்கெடுக்கட்டும் என்று புட்டிகளாக வாங்கிப் பதித்தார்கள். அன்று சொன்ன கதைகளிலேயே நம்ப முடியாதது இதுதான் என்பார்கள் பிள்ளைகள், ஆனால் முழுக்க உண்மை. உள்ளே போக நினைத்தால் தொழுகை நேரம் தவிர்த்துப் போங்கள், வெள்ளிக்கிழமை மத்தியானம் வேண்டவே வேண்டாம். கை, கால் மூடிய உடை போதும். இல்லாதவர்களுக்கு அங்கேயே அங்கி தருவார்கள்.

மரபுடைமை நிலையத்தை 2022 இறுதியில் புதுப்பிப்புக்காக மூடினார்கள். அதனால் போகிற நாளில் எந்தப் பகுதிக்குள் போகலாம் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே போகாவிட்டாலும் வாசலில் நின்று சொல்ல வேண்டியதைச் சொல்லலாம். கிளாம் மரம் கண்ணில் பட்டால் பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டை தாள் தாளாக உரியும். படகுப் பலகை இடுக்கை அடைக்க அதைத்தான் வைத்தார்கள், பேட்டைக்குப் பெயரும் அதனால்தான்.

மழை பிடித்துக்கொண்டால் குன்றின் அடிவாரத்தில் இருக்கும் தேசிய அரும்பொருளகத்துக்குப் போய்விடுங்கள். 1928இல் கிடைத்த தங்கத் தோள்வளையும் சிங்கப்பூர்க் கல்லும் அங்கே இருக்கின்றன. ஆற்று முகத்துவாரத்தில் இருந்த பெரிய எழுத்துக்கல் அது. 1843இல் வழியை அகலப்படுத்த வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள், ஒரு துண்டுதான் இன்று இங்கே இருக்கிறது. பாடாங் என்ற பலசாலி தூக்கி எறிந்த கல் அதுதான் என்பது பழங்கதை. எழுத்தை இன்னும் முழுதாக யாரும் படிக்கவில்லை. அயன் சின்க்ளேர் என்ற ஆய்வாளர் அதில் 'கேசரிவ' என்ற எழுத்துகளைப் படித்து, பரகேசரிவர்மன் என்ற சோழப் பட்டத்தின் துண்டாக இருக்கலாம் என்கிறார். இதைச் சொன்னால் தமிழர்கள் கைதட்டுவார்கள். தட்டட்டும். "இருக்கலாம் என்கிறார்" என்ற வார்த்தைகளை மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அங்கே நுழைவு இலவசம், ஊரிலிருந்து வந்தவர்களுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்.